ஆஸ்திரேலியாவின் என்பிஎன் ஏன் வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது?

என்பிஎன் (National Broadband Network) என்பது ஆஸ்திரேலிய அரசு நாடு முழுவதற்குமாகக் கட்டிய இணைய வலையமைப்பு. சிட்னிக்குக் குடும்பத்தோடு வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒருவர் அதைப் பற்றிக் கேட்டிருக்கும் கேள்வி இது: “நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் இணைய வேகம் 40 மெகாபிட்டைத் தாண்டுவதில்லை. நான்கு தெரு தள்ளியிருக்கும் அக்கா வீட்டில் 500 வருகிறது. இரண்டுமே என்பிஎன். இரண்டு வீட்டுக்கும் ஒரே நிறுவனம்தான் பில் அனுப்புகிறது. மாதக் கட்டணத்தில் சில டாலர்தான் வித்தியாசம். அரசாங்கம் கட்டியதால்தான் இந்த நிலைமை என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார். நன்றாகத் தொடங்கியதை அடுத்து வந்த அரசாங்கம் கெடுத்துவிட்டது என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி?”

இரண்டாமவர் சொல்வது உண்மைக்குச் சற்று நெருக்கமானது, ஆனால் அதுவும் முழுக் கதை இல்லை. இருவருமே விட்டுவிடுகிற மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. தொலைத்தொடர்புத் துறையில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில், வீடுகளை அதிகம் வாட்டியது அதுதான் என்பது என் கணிப்பு. இந்தத் திட்டத்துக்குப் போட்ட பணத்தை ஆஸ்திரேலிய அரசு செலவாக எழுதவில்லை, லாபத்தோடு திரும்பி வரப்போகும் முதலீடாக எழுதியது. அந்தக் கணக்கைக் காப்பாற்ற எடுக்கப்பட்ட விலை முடிவுகள்தாம், நல்ல கம்பி வந்த வீட்டிலும் பல வருடங்கள் இரவு எட்டு மணிக்குப் படம் பாதியில் நிற்கக் காரணமாயின. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் வீட்டுச் சுவரைப் பார்ப்போம்.

உங்கள் அக்கா வீட்டில் மோடத்துக்கும் சுவருக்கும் இடையில் என்பிஎன் பெட்டி ஒன்று இருக்கும். அது நான்கு துளைகள் கொண்ட வெள்ளைப் பெட்டியாக இருந்தால், கண்ணாடியிழை, அதாவது ஃபைபர், வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்று பொருள். பழைய கேபிள் டிவிக்குப் பயன்படுத்திய உருண்டைக் கம்பி வந்து செருகப்பட்ட கறுப்புப் பெட்டியாக இருந்தால் அது எச்எஃப்சி எனப்படும் கேபிள் இணைப்பு. உங்கள் வீட்டில் அப்படி எந்தப் பெட்டியும் இல்லாமல், சுவரில் இருக்கும் பழைய தொலைபேசித் துளையில் மோடத்தை நேரடியாகச் செருகியிருக்கிறீர்கள் என்றே ஊகிக்கிறேன். அப்படியென்றால் கண்ணாடியிழை உங்கள் தெருமுனையிலோ அடுத்த தெருவிலோ இருக்கும் பச்சை நிற இரும்புப் பெட்டியோடு நின்றுவிடுகிறது. அந்தப் பெட்டிக்குத்தான் நோடு என்று பெயர். அங்கிருந்து உங்கள் சுவர் வரை வருவது, தொலைபேசியில் பேசுவதற்காக எப்போதோ புதைத்த செப்புக் கம்பி. இவை தவிர, நடைபாதையில் உள்ள குழி வரை ஃபைபர் வந்து கடைசிச் சில மீட்டர் மட்டும் செம்பில் ஓடும் இணைப்பு, அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம் வரை மட்டும் ஃபைபர் வரும் இணைப்பு, கோபுரத்திலிருந்து கூரை ஆன்டெனாவுக்கு வரும் கம்பியில்லா இணைப்பு, செயற்கைக்கோள் இணைப்பு என்று என்பிஎன் என்ற ஒற்றைப் பெயருக்குள் ஏழு விதங்கள் இருக்கின்றன.

நோடு இணைப்பில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தூரம். பெட்டியிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்கு 80, 90 மெகாபிட் கிடைக்கலாம். ஒரு கிலோமீட்டரை நெருங்கும் வீட்டுக்கு 25 அல்லது 30 கிடைத்தாலே அதிகம். நேர்கோட்டுத் தூரத்தை இங்கே கணக்கிடக் கூடாது. கம்பி எந்தத் தெருவைச் சுற்றி வருகிறதோ அந்த நீளம்தான் கணக்கு. எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவருக்கு வேறு வேறு வேகம் வருவது இதனால்தான். மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் நின்று பழைய இணைப்பு முடிச்சுகள் நனைந்தால், வேகம் குறைவதோடு இணைப்பே அடிக்கடி அறுந்து அறுந்து வரும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மேற்கு சிட்னியில் ஒரு நண்பர் வீட்டில் வேகம் ஏன் இவ்வளவு குறைவு என்று பார்க்கப் போயிருந்தேன். பழைய வீடு. சமையலறையில் ஒரு தொலைபேசித் துளை, படுக்கையறையில் ஒன்று, துணி அலமாரிக்குப் பின்னால் யாருக்கும் நினைவில்லாத இன்னொன்று. மூன்றும் ஒரே கம்பியில் கிளை கிளையாக இணைக்கப்பட்டிருந்தன. பேச்சுக்கு இந்தக் கிளைகளால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் அதிவேக சிக்னல் அந்தக் கிளைக்குள் ஓடி, முட்டுச்சுவரில் மோதித் திரும்பி வந்து அசல் சிக்னலையே குழப்பும். பதிவு பெற்ற கேபிள் தொழிலாளி ஒருவரை வரவழைத்துப் பயன்படாத இரண்டு துளைகளையும் துண்டித்த உடனேயே வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறியது. அந்த வேலையை நாமே செய்ய இங்கே சட்டம் இடம் கொடுப்பதில்லை. வீட்டுக்குள் ஓடும் கம்பி வீட்டுக்காரர் பொறுப்பு என்பதால் கூலியும் அவருடையதுதான்.

சரி, நாடு முழுவதும் ஃபைபர் தருகிறோம் என்று தொடங்கிய திட்டம் எப்படிச் செம்புக்கு வந்து நின்றது? இதற்கு டெல்ஸ்ட்ராவிலிருந்து தொடங்க வேண்டும். அரசுத் தொலைபேசி நிறுவனமாக இருந்த டெல்ஸ்ட்ராவை 1997, 1999, 2006 என மூன்று தவணைகளில் விற்றார்கள். விற்கும்போது கம்பிகளையும் சில்லறை வியாபாரத்தையும் பிரிக்காமல் சேர்த்தே விற்றார்கள். நாட்டின் செப்புக் கம்பி முழுவதும் ஒரே தனியார் நிறுவனத்தின் கையில் போனது. அந்தக் கம்பியை வாடகைக்கு எடுத்துத்தான் அதன் போட்டியாளர்கள் பிழைக்க வேண்டும். தன் காசில் புதுக் கம்பி போட்டுப் போட்டியாளர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்க எந்த நிறுவனமும் விரும்பாது. நோடு வரை ஃபைபர் போடும் தன் யோசனையை 2006-இல் டெல்ஸ்ட்ரா கைவிட்டதும் இந்த வாடகை விலைத் தகராறில்தான். “தனியாரிடம் விட்டிருந்தால்” என்று பேசுகிறவர்களுக்கு 1990-களையும் நினைவுபடுத்த வேண்டும். அப்போது டெல்ஸ்ட்ராவும் அதன் போட்டி நிறுவனமான ஆப்டஸும் போட்டி போட்டுக்கொண்டு கேபிள் இழுத்தன. பெரிய நகரங்களில் ஒரே தெருவில் இரண்டு கேபிள் ஓடியது, மற்ற ஊர்களில் ஒன்றும் ஓடவில்லை.

2007 தேர்தலில் கெவின் ரட் தலைமையிலான தொழிற்கட்சி, அரசுப் பங்காக 470 கோடி டாலர் வரை தந்து நோடு வரை ஃபைபர் போடும் திட்டத்தை வாக்குறுதியாக வைத்து வென்றது. டெண்டர் கோரியபோது டெல்ஸ்ட்ரா கொடுத்த விண்ணப்பம் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யவில்லை என்று 2008 டிசம்பரில் நிராகரிக்கப்பட்டது. மற்ற விண்ணப்பங்களில் எதுவும் போடும் பணத்துக்கு ஏற்ற பயன் தராது என்று நிபுணர் குழு சொன்னது. 2009 ஏப்ரல் 7 அன்று ரட்டும் தொலைத்தொடர்பு அமைச்சர் ஸ்டீஃபன் கான்ராயும் டெண்டரையே ரத்து செய்தார்கள். அரசே ஒரு நிறுவனம் (அதுதான் என்பிஎன் நிறுவனம்) தொடங்கி, 90 சதவீத வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளே வரை ஃபைபர் போடும், எட்டு வருடத்தில் முடியும், 4,300 கோடி டாலர் வரை ஆகும் என்று அறிவித்தார்கள். இந்த 90 பின்னர் 93 ஆனது. 2010-இல் டாஸ்மேனியாவின் ஸ்மித்டன், ஸ்காட்ஸ்டேல், மிட்வே பாயின்ட் ஆகிய சிற்றூர்களில் முதல் இணைப்புகள் வந்தன. அதே வருடத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது, நாட்டுப்புறத் தொகுதியின் சுயேச்சை உறுப்பினர் டோனி வின்ட்சர் தொழிற்கட்சியை ஆதரிக்க முடிவு செய்ததற்குச் சொன்ன காரணங்களில் இந்தத் திட்டமும் ஒன்று. ஒரு தடவை செய், ஒழுங்காகச் செய், ஃபைபரில் செய் என்பது அவர் வாதம்.

ஆனால் வேலை தள்ளாடியது. இதைத் தொழிற்கட்சி ஆதரவாளர்கள் மறந்துவிடுவார்கள். 2013 ஜூனுக்குள் 3,41,000 கட்டடங்களை ஃபைபர் எட்டியிருக்க வேண்டும் என்ற இலக்கை, அந்த வருடம் மார்ச்சில் 1,90,000 முதல் 2,20,000 வரை என்று குறைத்தார்கள். ஒப்பந்தக்காரர்களுக்கும் அவர்களுக்குக் கீழ் இருந்த துணை ஒப்பந்தக்காரர்களுக்கும் கூலித் தகராறு. டெல்ஸ்ட்ராவின் பழைய குழிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததால் பல இடங்களில் குழி வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. அறிவிப்பின் வேகத்துக்கு மண்வெட்டியின் வேகம் ஈடுகொடுக்கவில்லை.

இந்தத் தள்ளாட்டத்தைப் பிடித்துக்கொண்டது அப்போது எதிர்க்கட்சியாக இருந்த லிபரல்–நேஷனல் கூட்டணி. 2013 ஏப்ரலில் அதன் தலைவர் டோனி அபட்டும் மால்கம் டர்ன்புல்லும் தங்கள் மாற்றுத் திட்டத்தை வெளியிட்டார்கள். நோடு வரை ஃபைபர், அதன் பின் இருக்கும் செம்பு, செலவு 2,950 கோடி, 2016-க்குள் எல்லோருக்கும் குறைந்தது 25 மெகாபிட். சராசரிக் குடும்பத்துக்கு 25 மெகாபிட் தாராளமாகப் போதும் என்று அபட் உறுதியாகச் சொன்னார். தொழிற்கட்சியின் திட்டத்தைத் தொடர்ந்தால் 9,400 கோடி வரை ஆகும் என்றும் பயமுறுத்தினார்கள். செப்டம்பரில் அவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். டிசம்பரில் வெளியான மறுஆய்வு, புதிய கலவைத் திட்டத்துக்கே 4,100 கோடி ஆகும், 2020-இல்தான் முடியும் என்றது. தேர்தலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடையில் ஏறத்தாழ 1,150 கோடி கூடியிருந்தது.

அதன் பிறகு நடந்தவற்றில் இரண்டைச் சொன்னால் போதும். முதலாவது, 2011-இல் தொழிற்கட்சி அரசு டெல்ஸ்ட்ராவோடு அன்றைய மதிப்பில் 1,100 கோடி டாலர் பெறுமான ஒப்பந்தம் போட்டிருந்தது. குழிகளையும் குழாய்களையும் வாடகைக்கு எடுத்து, வீடுகள் ஃபைபருக்கு மாற மாறச் செம்பை மூடுவதற்கான விலை அது. 2014-இல் அந்த ஒப்பந்தத்தைத் திருத்தி, அதே மதிப்பை டெல்ஸ்ட்ராவுக்கு உறுதி செய்து, மூட வேண்டிய செம்பையும் கேபிளையும் பொதுத்துறை நிறுவனம் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. பழைய கம்பி கைக்கு வந்தபோது அதைச் செப்பனிடும் செலவும் கூடவே வந்தது. 2015-இல் நாடாளுமன்ற மேலவைக் குழு விசாரணையில், என்பிஎன் நிறுவனம் 1,800 கிலோமீட்டர் புதுச் செப்புக் கம்பி வாங்கியிருப்பது தெரியவந்தபோது நாடே சிரித்தது. இரண்டாவது, ஆப்டஸிடமிருந்து பெற ஏற்பாடு செய்த கேபிள் வலையமைப்பு பயன்படுத்தும் நிலையிலேயே இல்லை என்று கண்டு 2016-இல் ஏறத்தாழ முழுவதும் கைவிட்டார்கள். டெல்ஸ்ட்ராவின் கேபிளிலும் இணைப்பு அடிக்கடி அறுந்ததால், 2017 நவம்பரில் புதிய கேபிள் இணைப்புகளின் விற்பனையையே பல மாதங்கள் நிறுத்திவைத்துப் பழுது பார்த்தார்கள்.

இனி அந்த மூன்றாவது காரணம். பலர் இதை வேகப் பிரச்சினை என்றே நினைக்கிறார்கள், அடியில் இருப்பது விலைப் பிரச்சினை. என்பிஎன் நிறுவனம் உங்களுக்கு நேரடியாக எதையும் விற்பதில்லை. சில்லறை நிறுவனங்களுக்கு மொத்த விலையில் விற்கிறது. அந்த நிறுவனங்கள் இரண்டு பொருள்களை வாங்க வேண்டியிருந்தது. ஒன்று, வீட்டுக்கு ஒன்றாக வரும் இணைப்பு. மற்றது, ஒரு வட்டாரத்தில் உள்ள தங்கள் வாடிக்கையாளர் எல்லோருக்கும் பொதுவான கொள்ளளவு. துறையில் இதைச் சிவிசி என்பார்கள். தொடக்கத்தில் இதன் விலை ஒரு மெகாபிட்டுக்கு மாதம் 20 டாலர். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நாடு முழுவதும் இத்தகைய வட்டார இணைப்பு மையங்கள் 121 இருந்தன. ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கொள்ளளவு வாங்க வேண்டும். இந்த விலையில் ஒருவருக்கு ஒரு மெகாபிட்டை ஒட்டித்தான் பல நிறுவனங்கள் வாங்கின. நூறு பேருக்குப் பத்திரிகை வைத்துவிட்டு இருபது இலை மட்டும் போட்ட பந்தி மாதிரி, பகலில் நன்றாக ஓடிய இணைப்பு எல்லோரும் வீடு திரும்பிய இரவில் திணறியது. வீட்டுக்குள் வரை ஃபைபர் வந்தவர்களும் இதில் தப்பவில்லை. “எனக்கு முழு ஃபைபர், ஆனாலும் ராத்திரி படம் ஓடவில்லை” என்று அந்த வருடங்களில் கேட்ட புலம்பலுக்கு அர்த்தம் இதுதான்.

பொதுப்பணத்தில் கட்டியதில் இப்படி ஒரு விலை எதற்கு? திட்டம் பட்ஜெட் செலவுக் கணக்கில் வராமல் இருக்க வேண்டுமென்றால், போட்ட முதல் லாபத்தோடு திரும்பும் என்று காட்ட வேண்டும். தொழிற்கட்சிக் காலத்தில் ஆண்டுக்கு 7 சதவீதத்தை ஒட்டிய வருமானம் வரும் என்றார்கள். கூட்டணிக் காலத்தில் அது படிப்படியாக இறங்கி 3 சதவீதத்தை ஒட்டியது. எந்தக் கட்சியும் அந்தப் பணத்தைச் செலவு என்று ஒப்புக்கொள்ளத் துணியவில்லை. ஒப்புக்கொண்டிருந்தால் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் உரிய பணத்தோடு அது நேருக்கு நேர் போட்டியிட வேண்டியிருக்கும். ஆகவே பயன்பாடு கூடக் கூட வருமானமும் கூடும் என்ற கணக்கில் கொள்ளளவுக்கு விலை வைத்தார்கள். அந்த விலையே பயன்பாட்டைக் கட்டிப்போட்டது. 2017 டிசம்பரில் 50 மெகாபிட் இணைப்போடு இரண்டு மெகாபிட் கொள்ளளவைச் சேர்த்து 45 டாலருக்குத் தொகுப்பாகத் தருவதாக அறிவித்த சில மாதங்களிலேயே இரவு நெரிசல் வெகுவாகக் குறைந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நாடே வீட்டுக்குள் அடைந்தபோது, 40 சதவீதம் வரை கூடுதல் கொள்ளளவைக் கட்டணமின்றித் தந்தார்கள். வலையமைப்பு தாங்கியது. அப்படியானால் அதற்கு முன் தட்டுப்பாட்டில் பெரும்பங்கு தாளில்தான் இருந்திருக்கிறது, தரைக்கு அடியில் இல்லை. 2023 டிசம்பர் முதல் 100 மெகாபிட்டிலும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்குச் சிவிசி ஒழிந்தது. மற்றவற்றுக்கு 2026 நடுப்பகுதிக்குள் ஒழிக்க ஏற்பாடானது.

வீடுகளின் மனக்குறைகளில் பெரும்பகுதி வேகத்தைப் பற்றியதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பகுதியில் என்பிஎன் தயார் என்று அறிவித்து 18 மாதத்தில் அங்கே பழைய இணைப்பைத் துண்டித்தார்கள். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மாறியாக வேண்டியிருந்தது. காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் ஆள் வருவார் என்பார்கள், விடுப்புப் போட்டுக் காத்திருந்தால் ஆள் வரமாட்டார். சில்லறை நிறுவனத்தைக் கூப்பிட்டால் தவறு என்பிஎன் பக்கம் என்பார்கள். என்பிஎன்னைக் கூப்பிட்டால் உங்களோடு எங்களுக்கு ஒப்பந்தம் இல்லை, உங்கள் நிறுவனத்திடமே சொல்லுங்கள் என்பார்கள். 2016–17-இல் தொலைத்தொடர்புக் குறைதீர்ப்பாளரிடம் போன என்பிஎன் புகார்கள் முந்தைய வருடத்தைப் போல் இரு மடங்கைத் தாண்டின. எட்ட முடியாத வேகத்துக்குப் பணம் வாங்கியதற்காக, 2017 இறுதியில் டெல்ஸ்ட்ரா ஏறத்தாழ 42,000 வாடிக்கையாளர்களுக்கு ஈடு செய்ய ஒப்புக்கொண்டது. நுகர்வோர் ஆணையம் தலையிட்டதால் ஆப்டஸும் டிபிஜியும் அதேபோல் இழப்பீடு தந்தன. இணைப்புக் கொடுத்ததும் கம்பியைச் சோதித்து எட்டக்கூடிய வேகத்தை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்ற விதியெல்லாம் இந்தக் கூத்துக்குப் பிறகு வந்ததுதான்.

வயதானவர்களுக்கு வேறொரு கவலை இருந்தது. பழைய செப்புத் தொலைபேசி, மின்சாரம் போனாலும் வேலை செய்யும், ஏனென்றால் தொலைபேசி நிலையத்திலிருந்தே அதற்கு மின்சாரம் வரும். என்பிஎன்னில் வீட்டு மோடத்துக்கு மின்சாரம் இல்லையென்றால் தொலைபேசியும் இல்லை. காட்டுத்தீயும் வெள்ளமும் வரும்போதுதான் மின்சாரம் போகிறது, அப்போதுதான் தொலைபேசியும் தேவைப்படுகிறது. கீழே விழுந்தால் பொத்தானை அழுத்தி உதவி கேட்கும் மருத்துவ அலாரம் வைத்திருந்த பல பெற்றோருக்கு, அது புதிய இணைப்பில் வேலை செய்யுமா என்று பிள்ளைகள்தான் போராடித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நடைபாதை வரை ஃபைபர் போட்ட புளூ மவுன்டன்ஸ் பகுதியில் வேறு விதமான தொல்லை. இடி இடித்தால் அந்தக் கடைசிச் சில மீட்டர் செம்பு வழியாக மின்னல் பாய்ந்து வீட்டுப் பெட்டிகள் கருகின.

நகரத்துக்கு வெளியே கதை வேறு. ஏறத்தாழ நான்கு லட்சம் கட்டடங்களுக்கு ஸ்கை மஸ்டர் என்ற இரண்டு செயற்கைக்கோள்கள்தாம் வழி. 2015 அக்டோபரிலும் 2016 அக்டோபரிலும் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டவை. பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் ஒரு சொடுக்கு போய்த் திரும்பவே அரை விநாடிக்கு மேல் ஆகும். முன்பு வானொலி வழியே பாடம் நடத்திய தொலைதூரப் பள்ளி மரபில், பண்ணையில் இருந்தபடி படிக்கும் குழந்தைக்கு வீடியோ வகுப்பில் ஆசிரியர் கேள்வி வந்து சேர்வதற்குள் அடுத்த பிள்ளை பதில் சொல்லியிருக்கும். கோபுரங்களிலிருந்து வரும் கம்பியில்லா இணைப்பும் இரவில் நெரிந்தது. 2018-இல் என்பிஎன் தலைமை நிர்வாகி பில் மோரோ, நாடாளுமன்றக் குழு முன் வீடியோ கேம் ஆடுகிறவர்கள் மேல் பழி போடப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். இருந்தாலும் இந்தப் பகுதிகளுக்கு எந்தத் தனியார் நிறுவனமும் இதே விலையில் வந்திருக்காது. அதிவேகக் கம்பி இணைப்புகளிலிருந்து, 2021-இல் மாதம் ஏறத்தாழ ஏழு டாலரில் தொடங்கிய தனி வரியை எடுத்துத்தான் இந்த இழப்பை ஈடு செய்கிறார்கள். அதற்குள் ஸ்டார்லிங்க் என்ற தனியார் செயற்கைக்கோள் இணையம் வந்து பல பண்ணை வீடுகள் அங்கே போய்விட்டன. 2025 ஆகஸ்டில் என்பிஎன்னே அமேசானின் தாழ்சுற்றுச் செயற்கைக்கோள்களுக்கு மாறப்போவதாக அறிவித்தது.

அரசு கட்டியதுதான் தவறா என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. நியூசிலாந்தும் அதே காலத்தில் அரசுப் பணத்தோடு ஃபைபர் போடத் தொடங்கியது. ஆனால் அங்கே முதலில் தொலைபேசி நிறுவனத்தை இரண்டாகப் பிரித்தார்கள். கம்பி வைத்திருந்த பகுதி 2011-இல் கோரஸ் என்ற தனி நிறுவனமாகி, சில்லறை விற்பனை செய்யக்கூடாது என்ற நிபந்தனையை ஏற்று, அரசின் முதலைப் பெற்று ஃபைபர் போட்டது. சில வட்டாரங்களை உள்ளூர் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. ஆட்சியில் கட்சிகள் மாறின, ஆனால் தொழில்நுட்பத்தை யாரும் மாற்றவில்லை. 2022 இறுதிக்குள் 87 சதவீத மக்களுக்கு வீடு வரை ஃபைபர் எட்டியது. நியூசிலாந்து சிறிய நாடு என்ற சமாதானம் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. சிட்னி புறநகரின் தெருவும் ஆக்லாந்து புறநகரின் தெருவும் தோண்டுவதற்கு அப்படியொன்றும் வேறுபட்டவை இல்லை.

கூட்டணி சொன்னதில் நியாயமே இல்லையா? இருந்தது. 2013-இல் ஒரு வீட்டுக்கு ஃபைபர் போடும் செலவு, நோடு செலவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. நோடு முறையில் பல லட்சம் வீடுகளுக்கு விரைவாக ஏதோ ஒன்று கிடைத்தது. அதற்கு முன் 5 மெகாபிட்டில் தவித்த வீட்டுக்கு 40 என்பது பெரிய விஷயம். 2020-இல் ஊரடங்கு வந்தபோது வலையமைப்பு ஏறத்தாழ முடிந்திருந்ததை அவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அதே வருடம் செப்டம்பரில் அதே கூட்டணி அரசுதான் 450 கோடி டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தது. நோடு போட்ட தெருக்களுக்கே மறுபடியும் போய், கேட்கிற வீட்டுக்கு ஃபைபர் இழுப்பது அதன் முக்கிய அம்சம். அதையும் சேர்த்துத் திட்டத்தின் மொத்த நிதித் தேவை ஏறத்தாழ 5,700 கோடி என்று மதிப்பிட்டார்கள். இடைப்பட்ட வருடங்களில் சொந்தக் காசில் பல ஆயிரம் டாலர் கட்டி ஃபைபர் வாங்கிய வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். அதே தெருவில் பொறுமையாக இருந்தவர்களுக்கு அது இலவசமாக வந்தது. 2022-இல் திரும்பி வந்த தொழிற்கட்சி அரசு 240 கோடி கொடுத்து இன்னும் 15 லட்சம் கட்டடங்களைச் சேர்த்தது. 2025 ஜனவரியில், நோடில் மிச்சமிருந்த ஏறத்தாழ 6,22,000 கட்டடங்களை 2030-க்குள் முடிக்க 300 கோடி வரை அறிவித்தது.

உங்கள் அக்கா வீட்டின் 500 இந்தக் கதையின் கடைசி அத்தியாயம். 2025 செப்டம்பர் 14 அன்று, வீடு வரை ஃபைபரோ கேபிளோ இருப்பவர்களில் 100 மெகாபிட் திட்டத்தில் இருந்தோருக்கு மொத்த விற்பனை நிலையிலேயே வேகம் 500 ஆக உயர்த்தப்பட்டது. செம்பால் அந்த வேகத்தைத் தாங்க முடியாது என்பதால் நோடு வீடுகள் அப்படியே நின்றுவிட்டன. கட்டணம் அருகருகே இருக்க, வேகம் பத்து மடங்கு விலகியது இப்படித்தான்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது: மோடத்திலிருந்து கணினிக்கு நேராகக் கேபிள் செருகி வேகத்தை ஒரு தடவை பாருங்கள். அப்போதும் 40 என்றால் குறை வைஃபையில் இல்லை. பிறகு என்பிஎன் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஃபைபருக்கு மாறத் தகுதி உண்டு என்று வந்தால், குறிப்பிட்ட வேகத்துக்கு மேற்பட்ட திட்டம் ஒன்றைச் சில்லறை நிறுவனத்திடம் கேட்டாலே பெரும்பாலும் கட்டணமில்லாமல் போட்டுக் கொடுப்பார்கள். சுவரில் துளை போட வேண்டியிருப்பதால் வீட்டு உரிமையாளரின் சம்மதம் தேவை, அதை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். தகுதி இல்லை என்று வந்தால் நீங்கள் அந்தக் கடைசி ஆறு லட்சத்து இருபத்திரண்டாயிரத்தில் ஒருவராக இருக்கக்கூடும். அப்படியிருந்தால் வீட்டுக்குள் இருக்கும் பழைய தொலைபேசித் துளைகளைத் துண்டிக்கச் செய்வதும், மாடியில் சிக்னல் நன்றாக இருந்தால் 5ஜி வீட்டு இணையத்தை ஒரு மாதம் எடுத்துப் பார்ப்பதும்தான் 2030 வரை கையில் இருக்கும் வழிகள்.